வில்மா அண்ணி சொல்லாத ஒரு வார்த்தை

"இன்னைக்கு ஆஸ்பத்திரி வேன் வராதாம்... டிரைவருக்குக் காய்ச்சலாம். வேற ஆள் இல்லேங்கறாங்க."

கைப்பேசியை மேசைமேல் வைத்தபடி நோரீன் சொன்னாள். கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்த அவள் கணவர் ஹார்லன், பூட்ஸுக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிப்போன தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள், ஐம்பது மைல் தள்ளி மைனாட் நகரத்தில் அவருக்கு டயாலிசிஸ். போன வாரம் ஒரு நாள் போக முடியாமல், மறுநாள் விடிவதற்குள் மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

"நம்ம கார் பட்டறைக்குப் போயி பதினோரு வாரம் ஆச்சு நோரீன். பதினோரு வாரம்! அப்படி என்னத்ததான் பண்றாங்க அங்க?"

"முன்பக்கத்தைப் பிரிச்சதும் உள்ளயும் அடி பட்டிருக்குன்னாங்க... இன்சூரன்ஸ்காரங்க சரின்னு சொன்னாத்தான் பாகமெல்லாம் வரவழைப்பாங்களாம்..."

"கிறிஸ்துமஸ்லேருந்து இதையேதான் சொல்லிட்டிருக்க!"

அடுப்படியில் ஓட்ஸ் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த ஹார்லனின் அக்கா வில்மா திரும்பாமலே சொன்னாள். "அவளை எதுக்குடா கேக்கற? பட்டப்பகல்ல, காஞ்ச ரோட்டுல, விளக்குக் கம்பத்துல கொண்டுபோயி இடிச்சவகிட்ட என்ன பதில் இருக்கும்?"

நோரீன் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். வில்மாவின் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுற்றியது.

"கண்ணு தெரியலேன்னா ஓட்டாம இருந்திருக்கணும்" என்றார் ஹார்லன், யாரையும் பார்க்காமல். "என் உயிரு போனப்புறம் வண்டி வந்து நிக்கும். அதுல ஏறி நீயே சர்ச்சுக்குப் போ!"

முப்பத்திரண்டு வருட மணவாழ்க்கையில் அவர் இப்படிப் பேசியவரே இல்லை. நோரீன் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, "பக்கத்து வீட்டு ஓடெல்கிட்ட பிக்கப் வண்டி கேட்டுப் பாக்கறேன்" என்று வெளியே இறங்கினாள்.

முழங்கால் வரை பனி. கண்ணீர் வழியும்போதே இமையில் உறைந்தது.

எப்படிச் சொல்வாள்? நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஹார்லன் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் நிலவறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய் வாங்கி வரலாமென்று, யாரிடமும் சொல்லாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் வில்மா! அவளுக்கு இடது கண்ணில் புரை விழுந்து, இனி வண்டியைத் தொடக்கூடாது என்று தம்பி சத்தம் போட்டிருந்தான். "மறுபடி ஓட்டினா முதியோர் இல்லத்துல விட்டுட்டு வந்துருவேன்" என்றும் கோபத்தில் சொல்லியிருந்தான். இடித்த சத்தம் கேட்டு நோரீன் ஓடிப்போய்ப் பார்த்தபோது வில்மா நசுங்கிய வண்டிக்குப் பக்கத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"நீ ஓட்டினேன்னு சொல்லிருடி... என்னை அனுப்பிருவான்டி... உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்டி!"

ஹார்லனுக்கு ஆறு வயதில் தாய் போனாள். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு அவரை வளர்த்து ஆளாக்கியவள் வில்மா. கல்யாணம்கூட வேண்டாமென்றிருந்தவள். நோரீனால் மறுக்க முடியவில்லை. கணவரிடம் பழியை ஏற்றுக்கொண்டாள்.

ஆனால் இன்சூரன்ஸ்காரரிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அங்கே விழுந்தது முடிச்சு. வில்மா பெயர் பாலிசியில் இல்லை. ஓட்டியவரே பேசி வாக்குமூலம் கொடுத்தால்தான் மேற்கொண்டு ஆகும் என்றுவிட்டார்கள். வில்மாவோ, "நாளைக்குப் பேசறேன்... நாளைக்கு..." என்று நாள் கடத்தினாள். முப்பது நாளுக்குக் கொடுத்த வாடகை வண்டியும் திரும்பிப் போயிற்று. பதினெட்டு மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு நோரீனால் போக முடியாமல், அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அதையும் அவள் கவனக்குறைவின் பலனாகவே ஹார்லன் எண்ணினார்.

பேட்டரி உறைந்துபோயிருக்கிறது, அரை மணி நேரத்தில் கிளப்பிக்கொண்டு வருகிறேன் என்றார் ஓடெல். அவள் வீடு திரும்பியபோது ஹார்லன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன கைப்பேசி.

"இன்சூரன்ஸ் ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க" என்றார். "வண்டி ஓட்டினவங்க... உங்க அக்கா... இன்னும் பேசலியேன்னு கேக்கறாங்க. அக்கா எதுக்குப் பேசணும் நோரீன்?"

நோரீன் அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"நான்தான்டா ஓட்டினேன்!" அடுப்படியிலிருந்து அலறல் கேட்டது. "நான்தான் இடிச்சேன்! அவ இல்லடா... அவ இல்ல!"

"என் உயிர வச்சு விளையாடிட்டியேக்கா!" ஹார்லன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். "எத்தனை பேச்சுப் பேசினேன் உன்னை... குருடிங்கற வார்த்தை மட்டுந்தான் பாக்கி. ஏன்டி சொல்லல?"

"சொன்னா அவங்களை அனுப்பிருவீங்க. அப்புறம் ராத்திரியெல்லாம் நீங்கதான் தூங்காம அழுவீங்க." அவள் வில்மா பக்கம் திரும்பினாள். "ஆனா கோவம் இல்லேன்னு நெனைக்காதீங்க அண்ணி! போன வாரம் ஆம்புலன்ஸ்ல அவர் நெஞ்சு ஏறி ஏறி இறங்கினப்ப, உங்களை நான் சபிச்சேன். மனசார சபிச்சேன்!"

வில்மா தலை குனிந்தாள். தம்பியிடமிருந்து கைப்பேசியை வாங்கினாள். நோரீன்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். பதினோரு வாரம் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை வில்மா நாலே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். எதிர்முனையில் இருந்த பெண் நன்றி சொன்னாள். இனி விசாரணை முடிந்து, பாகங்கள் வந்து சேர இன்னும் எட்டு வாரமாவது ஆகும் என்றாள். சரிசெய்வதே வீண் என்று முடிவானாலும் ஆகலாம் என்றாள்.

எட்டு வாரம்! ஹார்லனின் இரைச்சலான மூச்சு மட்டும் கேட்டது.

வில்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் பழைய தோல்பெட்டி. கோட்டுப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள்.

"நான் அந்த இல்லத்துக்கே போயிடறேன். உங்க மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல."

ஹார்லன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோரீன்தான் எழுந்தாள். போகட்டும் என்றுதான் ஒரு கணம் மனசு சொன்னது. ஆனாலும் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எதுல போவீங்க அண்ணி?" என்றாள். "நம்மகிட்ட வண்டி ஏது?"

வில்மா திகைத்து அவளைப் பார்த்தாள். பெட்டி கைநழுவி விழுந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தத்தோடு நோரீனின் தோளில் விழுந்தாள். நோரீன் முதலில் அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக, அந்தத் தப்பாய்ப் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.