நத்தை ரசிகர் பேரவையின் கண்டன அறிக்கை

உலகப் பெருமக்கள் அனைவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டிய அறிவிப்பு ஒன்று, அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ‘குதிக்கும் நத்தை’ வீடியோ கேமின் ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. அதன் குகைப் பாட்டு நாசமாகிவிட்டது. பழைய பாட்டைத் திருப்பித் தரும்வரை எவரும் நத்தையைத் தொடக் கூடாது. இப்படிக்கு, அகில உலக நத்தை ரசிகர் பேரவை.

பேரவையில் மொத்தம் இரண்டு பேர். தலைவி, மூன்றாம் மாடியில் இருக்கும் பத்து வயதுச் சிறுமி. செயலாளர், எதிர்வீட்டுக் குண்டூசி. உடம்பு கம்பி, தலை மட்டும் பெரிது என்பதால் அந்தப் பெயர்.

தலைவிக்கு வீட்டில் ‘நீதிபதி’ என்று பெயர். காதில் விழும் எதற்கும் மார்க் போடாமல் விடமாட்டாள். அழைப்பு மணிக்குப் பத்துக்கு மூன்று. அப்பாவின் குறட்டைக்கு ஆறு. தாளம் சரியாம், சுருதிதான் சேரவில்லையாம். புதிய குகைப் பாட்டில் நூறு வயலின்கள் அழுதன. அதற்கு அவள் போட்டது முட்டை.

உண்மையில் அவள் கோபம் வயலின்கள் மேல் இல்லை.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அவளும் அண்ணனும் குண்டூசியும் ஒரே மெத்தையில் நெருக்கியடித்து உட்கார்ந்து முதல் பாகத்தை ஆடுவார்கள். நத்தை இருட்டுக் குகைக்குள் நுழைந்ததும் ‘டும்டும் டகுடகு பீப்பீ’ என்று ஒரு பாட்டு வரும். பயமெல்லாம் பறந்துவிடும்.

இப்போது அண்ணனுக்குப் பதினாறு. ஒரு வருடமாக அவன் அறைக்கதவு சாத்தியே கிடந்தது. எது கேட்டாலும் ‘ம்’, ‘இல்ல’, ‘அப்புறம்’. அந்தப் பாட்டு காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுவான் என்று நம்பி, புதிய பாகத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தாள். வயலின்கள் அழுதன. கதவு திறக்கவில்லை. அண்ணன் மேல் வந்த கோபத்துக்கு, முகம் தெரியாத இசையமைப்பாளர் திட்டு வாங்கினார்.

கம்பெனிக்குப் புகார்க் கடிதம் அனுப்புவது என்று பேரவை முடிவு செய்தது. வெறுமனே திட்டினால் மதிக்க மாட்டார்கள், பழைய பாட்டைப் பதிவு செய்து சாட்சியாக அனுப்ப வேண்டும் என்றான் குண்டூசி. சனிக்கிழமை காலை, பரணிலிருந்து பழைய கேம் கருவியை இறக்கி, தும்மித் தும்மித் துடைத்து, கூடத்து டிவியில் மாட்டினார்கள்.

நத்தை குகைக்குள் நுழைந்தது.

‘டிக்... டிக்... டிக்...’

ஒழுகும் குழாய்கூட இதைவிடச் சுவையாக வாசிக்கும். பாட்டைக் காணோம்.

கருவியை எலி கடித்துவிட்டது என்பது செயலாளரின் கருத்து. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“எலியுமில்ல, ஒண்ணுமில்ல. அதுல என்னிக்குடி பாட்டு இருந்துச்சு? அப்ப நம்மகிட்ட இருந்த டிவி ஊமை. ஸ்பீக்கர்ல பாலை ஊத்தி வெச்சது நீதான். சத்தம் இல்லாம குகைக்குள்ள போகப் பயமா இருக்குன்னு அழுவ. உங்க அண்ணன்தான் பின்னால உட்கார்ந்து வாயாலயே வாசிப்பான்.”



“அப்ப புகார்க் கடிதத்தை யாருக்கு அனுப்புறது?” என்று கேட்டான் குண்டூசி.

போன வருடம் அண்ணனுக்குக் குரல் உடைந்த சமயம், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது தான் எழுந்து நின்று சொன்ன தீர்ப்பு நீதிபதிக்கு நினைவு வந்தது. தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கிறது, பத்துக்கு ஒன்று என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அதற்குப் பிறகுதான் இந்த ‘ம்’மும் ‘இல்ல’வும்.

கதவைத் தட்டினால் ‘அப்புறம்’ என்று பதில் வரும். அவள் கொஞ்சம் யோசித்தாள். டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்தாள். அண்ணன் அறைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தானே பாட ஆரம்பித்தாள்.

“டகடக பீப்பீ டும்...”

குண்டூசி காதைப் பொத்திக்கொண்டான். கேட்கச் சகிக்கவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஐந்தாவது தடவை கதவு திறந்தது.

“முதல்ல டும்டும். அப்புறம்தான் டகுடகு. பாட்டைக் கொலை பண்ணாத.” கீழே ஆரம்பித்த அண்ணன் குரல் எங்கோ மேலே போய்த் தொங்கியது.

“எனக்கு வரலண்ணா. நீ வாசி,” என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “உன் குரலுக்கு இனிமே மார்க் போட மாட்டேன். அன்னிக்குப் போட்டதும் தப்பு,” என்றாள்.

அண்ணன் நிலைப்படியைத் தாண்டி வந்தான்.

“தள்ளி உட்காரு,” என்றான்.

அவன் பின்னால் உட்கார்ந்தபோது, முழங்கால்கள் இரண்டும் அவள் காது வரை வந்தன. நத்தை குகைக்குள் போனது. டும்டும் ஒழுங்காக வந்தது. டகுடகுவும் வந்தது. பீப்பீ வரவேண்டிய இடத்தில் குரல் கிழிந்து, கட்டையாகிக் குப்புற விழுந்தது. குண்டூசிக்குச் சிரிப்பு முட்டியது. தலைவி அவன் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் அண்ணனே சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே முதலிலிருந்து வாசித்தான். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா நான்கு தடவை கூப்பிட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் புகழ்பெற்ற குகைப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாட்டு சுமார்தான்.