மூலையில் இருந்த பெயர்

நெஞ்சுச் சளிக்குப் படம் எடுத்துவரச் சொன்னார் டாக்டர். நான் முப்பத்தெட்டு வருடம் குப்பை கொட்டிய அதே எக்ஸ்ரே அறை. ஒரு கோடி விலா எலும்பாவது பார்த்திருப்பேன். சொந்த மச்சானையே முதுகெலும்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன். கதவு பழையபடியே முனகியது. உள்ளே மருந்து வாடை, அரை இருட்டு, சில்லென்ற தகடு.

"குருவே வந்துட்டீங்களா! உங்களை நான் எடுக்கறதா சார்?" என்று சிரித்தாள் இப்போதைய டெக்னீஷியன்.

"தைரியமா எடும்மா. உள்ளே இதயம்னு ஒண்ணு இருக்கான்னு என் வீட்டுக்காரிக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

இரண்டு மாதம் முன்பு நான் செய்த காரியம் அவளுக்குத் தெரியாது.

எங்கள் மாடியில் குடிவந்த தையல்காரப் பெண் ஒரு படத்தை நீட்டினாள். "மூச்சு விட்டா குத்துது அண்ணா. பார்த்துச் சொல்லுங்க. வெளியில யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க." ஐந்து விலாக்கள் வெவ்வேறு காலத்தில் உடைந்து கோணலாக ஒட்டியிருந்தன. புருஷனின் கைவரிசை. அவன் கண்ணில் படாமல் ஊர்விட்டு ஊர் வந்து ஒளிந்திருந்தாள்.

அப்படி ஒரு படம் கிடைத்தால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'எப்படி உடைந்தது? சரியாகச் சொல்பவன் சிங்கம்!' அறுபது பதில்கள். படம் குழு குழுவாகத் தாவி ஊர் ஊராகப் போனது.

எலும்பை மட்டுமே பார்த்துப் பழகிய கண். மூலையில் அவள் பெயரும் எங்கள் மருத்துவமனையின் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன. நான் பார்க்கவே இல்லை.

அவன் பார்த்தான்.

ஒன்பதாம் நாள் வந்தான்.

தையல் இயந்திரத்தின் மேலேயே சரிந்து கிடந்தாள்.

"மூச்சை இழுங்க சார். பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க."

நெஞ்சைத் தகட்டில் அழுத்தி நின்றேன். பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். இயந்திர எண்ணெய் வாடை.

திரையைப் பார்த்தவளின் சிரிப்பு நின்றது.

"சார்... உங்க பின்னாடி யாரு நின்னாங்க?"

என் இடது தோளில் ஐந்து விரல்களின் எலும்புகள். மெலிந்த, பெண்ணின் விரல்கள்.

"அழிச்சிடும்மா."

"அழிச்சுட்டேன் சார். சத்தியமா."

வீடு சேருமுன் அது குழுவில் வந்திருந்தது. என் எண்ணிலிருந்து. கூடவே என் பெயர், வயது, வீட்டு முகவரி. 'யாருப்பா அந்தக் கை? வீட்ல தெரியுமா?' என்று கும்மாளம் போட்டார்கள்.

குழுவிலிருந்து விலகினேன். போனை உடைத்தே போட்டேன். அந்த அறைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனாலும் என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன் தினமும் வாசலுக்கு வந்து தன் போனை நீட்டுகிறான்.

"டேய், இன்னிக்கும் புதுசா ஒண்ணு போட்டிருக்கியே!"

முதலில் தோள். பிறகு காறை எலும்பு.

இன்று காலை அவன் கேலி செய்யவில்லை. போனை என் கையில் திணித்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான்.

விரல்கள் கழுத்துக்கு வந்திருந்தன. மடங்கத் தொடங்கியிருந்தன.