சீனன்குடாவின் பெட்டி விமானம்

குண்டு விழுந்து ஒரு கிழமைக்குப் பிறகு குலசிங்கம் மறுபடியும் சீனன்குடா விமானத்தளத்துக்கு வேலைக்கு வந்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டு, சித்திரை மாதம். வாசலில் நின்ற சிப்பாய் அவனுடைய அட்டையைப் பார்த்துவிட்டுத் தடையைத் தூக்கிவிட்டான். உள்ளே விமானக் கொட்டகைகள் எரிந்து, வளைந்த இரும்பாக நின்றன. கருகிய ரப்பரும் எண்ணெயும் கலந்த மணம் மழை பெய்தும் போகவில்லை. கூலிப் பெண்கள் வரிசையாகக் கல்லும் சாம்பலும் கூடையில் சுமந்து போனார்கள்.

தளத்தின் கடைசியில், வெயிலில் தனியாகக் கிடந்தது பயிற்சிக் கொட்டில். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணாடி கூட உடையவில்லை.

அதற்குள்தான் பெட்டி விமானம் இருந்தது. தளத்தில் வேலை செய்த தமிழர்கள் அதற்கு வைத்த பெயர் அது. குட்டைச் செட்டைகளும் வாலும் வைத்த மரப்பெட்டி. ஒரு ஆள் மட்டும் உட்காரலாம். அடியில் ஆர்மோனியத்தில் இருப்பதுபோலத் தோல் துருத்திகள். மோட்டரைப் போட்டால் அவை காற்றை இழுத்து விடும்; பெட்டி சாயும், சுழலும், மூக்கைத் தூக்கும். விமானி உள்ளே ஏறி மூடியை இழுத்துக்கொண்டால் இருட்டு. கண்முன்னே மினுங்கும் கருவி முட்களை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். முகிலுக்குள்ளும் இருட்டிலும் எதிரியைத் துரத்திப் போகிறவர்களுக்கு, தரையிலேயே கொடுக்கும் பயிற்சி.

குலசிங்கத்தின் இடம் வெளியே, கண்ணாடி மேசையில். தந்தி அடிக்கும் கந்தோரில் இருந்தவன் என்பதால் அவனை இந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கும் விமானிக்குத் திசை சொல்வான். மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் மூன்று சில்லு வைத்த சிறிய கருவி ஒன்று ஊர்ந்து, பெட்டி 'பறந்த' பாதையைச் சிவப்பு மையில் கீறும். அதை நண்டு என்பார்கள்.

அந்தப் பெட்டியில் அவனுடைய மச்சான் தங்கரத்தினமும் பழகியிருந்தான். மனைவி பூரணியின் ஒரே தம்பி. மலாயாவில் மாமனோடு இருந்தபோது விமானம் ஓட்டப் பழகி, சிங்கப்பூர் விழுந்ததும் தப்பி வந்து இங்கே போர்விமானப் பிரிவில் சேர்ந்தவன். குண்டு விழுந்த காலையில் எழும்பிப் போன விமானங்களில் அவனுடையதும் ஒன்று. கடைசியாகக் கண்டவர்கள், கிழக்கே கடலுக்கு மேல் புகையோடு போனதாகச் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை.

சனம் எல்லாம் ஊரைவிட்டு ஓடியபோது குலசிங்கமும் பூரணியைக் கூட்டிக்கொண்டு, குடாவுக்கு அந்தப் பக்கம் குறிஞ்சாக்கேணிக்குப் போயிருந்தான். அங்கே நெல் வியாபாரம் செய்த அபூதாஹிர் பழைய சிநேகிதர். கடல்நீர் தேங்கிக் கிடந்த களப்பு ஓரத்தில் இருந்த தன் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். பூரணி அழவில்லை. தாய் இறந்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். உடலைக் காணாமல் அழமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தோணி வரும் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் இருந்தும் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

வேலை மறுபடி தொடங்கியதும் முதலில் பெட்டிக்குள் ஏறியவர் வில்மட் என்ற புது விமானி. செத்தவர்களுடைய இடத்துக்கு வந்தவர், சிரித்த முகம். குலசிங்கம் அவருக்கு வடக்கே போகச் சொன்னான். நண்டு கொஞ்ச நேரம் வடக்கே ஊர்ந்தது. பிறகு நின்றது. பிறகு கிழக்கே திரும்பியது.

குலசிங்கம் திசையைத் திருப்பிச் சொன்னான். சிவப்புக் கோடு கரையைக் கடந்து கடலுக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

மோட்டரை நிறுத்தி மூடியைத் திறந்தபோது வில்மட்டின் சட்டை முழுக்க வியர்வை. உள்ளிருந்து உப்புத்தண்ணீர் மணம் வந்தது. கம்பியில் வேறு யாரோ பேசினார்கள் என்றார் அவர். தனக்குத் தெரியாத பாஷை. ஆனால் கெஞ்சுகிறான் என்பது மட்டும் விளங்கியது. அதனால் அவன் பின்னால் போனேன் என்றார். இறங்கிப் போனவர் கதவடியில் நின்று திரும்பினார்.

"அக்கா என்றால் என்ன?"

குலசிங்கம் மேசையில் கடலுக்குள் போயிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தான்.

மறுநாள் வில்மட் ரோந்துக்குப் போனார். வானம் துப்புரவாக இருந்தது. நடுவழியில் கூட வந்தவர்களை விட்டுவிட்டு கிழக்கே திரும்பினார். கூப்பிட்டும் திரும்பவில்லை. ஒருவன் உதவி கேட்கிறான், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் வானொலியில் சொன்னாராம்.

வரவில்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின், குலசிங்கம் மோட்டரைப் போடாமல் ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. தூரத்தில் கூலிப் பெண்களின் பேச்சு. காதுக்குள் வெறும் இரைச்சல், கடல் இரைச்சல் மாதிரி.

"அத்தான்."

பின்னால் பார்த்தான். யாரும் இல்லை.

"அத்தான், எனக்குக் கரை தெரியேல்லை. எண்ணெய் முடியுது. எந்தப் பக்கம் திரும்ப?"

துருத்திகள் மெல்ல உப்பின. ஆள் இல்லாத பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

குலசிங்கம் தன் வேலையைச் செய்தான். மேற்கே திரும்பு ரத்தினம், இருநூற்றெழுபது பாகை, அப்படியே பிடி என்றான். நண்டு கடலின் நடுவில் இருந்து கரையை நோக்கி ஊர்ந்தது. கோணேசர் மலையைத் தாண்டியது. துறைமுகத்தைத் தாண்டியது. ஓடுபாதைக்கு நேரே வந்தது. குலசிங்கம் அழுதுகொண்டே, இன்னும் கொஞ்சம்தான், இறங்கு தம்பி என்றான்.

"ஏலாது அத்தான். கீழே முழுக்க நெருப்பு."

நண்டு திரும்பிக் கடலுக்குப் போனது.

அடுத்தடுத்த மத்தியானங்களிலும் அதுதான் நடந்தது. எவ்வளவு கவனமாகக் கொண்டுவந்தாலும் ரத்தினத்துக்குக் கீழே குண்டு விழுந்த காலையே தெரிந்தது. ஒவ்வொரு தரமும் அவனுடைய குரல் இன்னும் களைத்திருந்தது. ஒருநாள், எனக்குத் தனிய ஏலாது அத்தான் என்று முணுமுணுத்தான். அதற்கு மறுநாள் பெட்டிக்குள் ஏறிய பாரெட் என்ற இளம் விமானி, இறங்கும்போது தன்பாட்டில் புன்னகைத்துக்கொண்டு போனான். அவனும் கடலுக்குள் போய்த் திரும்பவில்லை.

குலசிங்கம் தளத்துப் பெரியவரிடம் போய்ப் பெட்டியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினான். அவர் பொறுமையாகக் கேட்டார். வெயிலும் குண்டும் பலபேருடைய மூளையைக் குழப்பிவிட்டன என்றார். விமானிகள் குறைவு, பயிற்சியை நிறுத்த முடியாது, நாளை மறுநாள் இன்னும் நாலு பேர் வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நாலு பேரும் வருமுன் பெட்டியை உடைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனான். பூரணி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். கேட்கக் கேட்க மறைக்க ஏலாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அதிரவில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, உடைக்கிறதுக்கு முதல் ஒருக்கா அவனோடு கதைக்க விடச் சொன்னாள். குலசிங்கம் மாட்டேன் என்றான். அது ரத்தினம் என்று எப்படி நம்புவது, அது ரத்தினமே என்றாலும் இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டானே என்றான்.

"அவன் உங்களிட்டக் கேட்கேல்லை. என்னட்டக் கேட்கிறான்" என்றாள் பூரணி. "நான் போகாட்டி அவன் ஆரிட்டப் போவான்?"

மறுநாள் கூலிப் பெண்களோடு பெண்ணாகத் தலையில் கூடை வைத்துக்கொண்டு அவள் தளத்துக்குள் வந்தாள். மத்தியானம் குலசிங்கம் அவளைக் கொட்டிலுக்குள் கூட்டிவந்து கதவைச் சாத்தினான். ஹெட்போனை அவளுக்குக் கொடுத்தான். வெறும் இரைச்சல். வெகுநேரம் ஒன்றும் இல்லை.

அவன் தடுக்குமுன் அவள் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மூடி தானாக இறங்கியது.

மோட்டர் போடவில்லை. துருத்திகள் மூச்சு வாங்கின. பெட்டி மெல்லச் சுழலத் தொடங்கியது. குலசிங்கம் மூடியைப் பிடித்து இழுத்தான். மரத்தோடு மரமாக ஒட்டிப்போயிருந்தது. ஓடிவந்து அவள் மேசையில் விட்ட ஹெட்போனை மாட்டினான்.

"தம்பி, அக்கா வந்திருக்கிறன்."

"எங்க நிக்கிறாய் அக்கா?"

"இஞ்சதான். உனக்குப் பக்கத்தில."

"இருட்டாக் கிடக்கு."

"எனக்கும் இருட்டுத்தானடா. பயப்படாதை."

பூரணி, மூடியைத் தள்ளு என்று குலசிங்கம் மைக்கில் கத்தினான். அவனுடைய குரல் அவர்களிடம் போகவில்லை. நண்டு கரையைத் தாண்டி ஓடுபாதைக்கு வந்துகொண்டிருந்தது.

"அத்தான் வழி சொன்னவர். ஆனா இறங்க இடமில்லை அக்கா. எல்லாம் எரியுது."

"அங்க இறங்க வேண்டாம். நாங்கள் இப்ப அந்தப் பக்கம் இல்லை. குறிஞ்சாக்கேணியில இருக்கிறம். களப்பு ஓரத்து வீடு. அங்க வா."

நண்டு நின்றது.

பிறகு தெற்கே திரும்பியது.

"என்னோட நிக்கிற இவையள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரட்டே? இவைக்கும் போக இடமில்லை."

குலசிங்கம் வேண்டாம், வேண்டாம் என்று மேசையில் அடித்தான்.

"எல்லாரும் வாங்கோ" என்றாள் பூரணி.

சிவப்புக் கோடு குடாவைக் கடந்தது. கிண்ணியாவைத் தொட்டது. குறிஞ்சாக்கேணியில், களப்பு ஓரத்தில் போய் நின்று, நின்ற இடத்திலேயே மையைக் கக்கியது. அதே நேரம் பெட்டியின் பலகை இடுக்குகளால் தண்ணீர் வழியத் தொடங்கியது. உள்ளே பூரணி இருமினாள். பிறகு இருமலும் கேட்கவில்லை. தண்ணீருக்குள் கைகால் அடிக்கும் சத்தம் மட்டும்.

நெருப்பணைக்கத் தொங்கவிட்டிருந்த கோடரியை எடுத்து வந்து குலசிங்கம் மூடியைக் கொத்தினான். பலகை பிளந்ததும் கடல் தண்ணீர் அவனுடைய நெஞ்சுக்குக் கொட்டியது. மயிர் முகத்தில் ஒட்டிக்கிடந்த அவளை இழுத்து வெளியே போட்டு முதுகில் குத்தினான். அவள் தண்ணீராகக் கக்கினாள். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"இனிப் பயமில்லை" என்றாள். "வழி சொல்லிட்டன்."

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் உடைந்த பெட்டியையும் நனைந்த தரையையும் கோடரியோடு நின்றவனையும் கண்டார்கள். பெரியவர் அவனைச் சிறையில் போடவில்லை. மச்சானைப் பறிகொடுத்தவன், புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதி, அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார். பெட்டியின் துண்டுகளைக் கொட்டகைக் குப்பையோடு கொண்டுபோய் எரித்தார்கள். தோல் துருத்தி எரியும் நாற்றம், வெளியேறிய இருவரோடும் வாசல்வரை வந்தது.

தோணியில் பூரணி அவனுடைய தோளில் சாய்ந்து கொண்டு வந்தாள். குண்டு விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்தபோது குலசிங்கத்துக்கு நெஞ்சு லேசானது. வேலை போனால் போகட்டும். இனி எந்த விமானியும் அந்தக் குரலின் பின்னால் போகமாட்டான். இவளும் ஒருநாள் அழுது முடித்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூரணி நேரே அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். குலசிங்கம் கிணற்றடியில் உப்பைக் கழுவிக்கொண்டு வந்தான். அபூதாஹிரின் மனைவி ஜெமீலா குசினி வாசலில் அரிசி களைந்தபடி நின்றாள்.

"ஒங்கட மச்சினன் கிடைச்சிட்டார் எண்டு ஏன் அண்ணன் சொல்லல்ல?" என்றாள்.

குலசிங்கம் முகத்தைத் துடைத்த துண்டை இறக்கினான்.

"மத்தியானம், லுஹர் தொழுகை நேரம் வந்தவர். அக்காட தம்பியாம். கடலுக்குள்ள உழுந்து எழும்பின மாதிரி நனைஞ்சி போய் நிண்டார். பாவம், எங்கட இவர்ர சாரம் ஒண்ட மாத்தக் குடுத்தன். அதும் உடுத்த கையோட நனைஞ்சி போச்சி, வேலியில காயப் போட்டிரிக்கன்."

"தனியவோ வந்தது?"

"இல்ல. ரெண்டு வெள்ளக்காரரும் கூட. அவங்க உள்ள வரல்ல, படலைக்கிட்ட நிண்டாங்க. மூணு பேருக்கும் சேத்துத்தான் இப்ப சோத்துக்கு ஒல வெச்சிரிக்கன்."

வெளிவாசல் படலையடியில் யாரும் இல்லை. வேலியில் அபூதாஹிரின் நீலச் சாரம் கிடந்தது. மத்தியானம் முதல் வெயிலில் கிடந்தும் அது காயவில்லை. நுனியில் இருந்து சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப எங்க அவர்?" என்று கேட்டான்.

ஜெமீலா கையிலிருந்த அரிசித் தண்ணீரை ஊற்றிவிட்டு, பூரணி படுத்திருந்த அறையைத் தாடையால் காட்டினாள். "களைச்சிப் போய் இரிந்தார். உள்ள போய்ப் படுக்கச் சொன்னன்."

குலசிங்கம் அறை வாசலுக்குப் போனான். கதவு சாத்தியிருந்தது. நிலைப்படியின் அடியால் நீர் கசிந்து அவனுடைய பாதத்தைத் தொட்டது. உள்ளே பூரணி மெல்ல எதையோ சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு மறுமொழியாக ஒரு ஆணின் குரல் கேட்டது.

"அத்தான் வந்திட்டாரே அக்கா? அவரையும் உள்ளுக்கு வரச் சொல்லு."