கோட்டைக்குத் தண்ணீர் சுமப்பவன்

சமையலறைக் கல்தரையில் மறுபடியும் ஈரம். அயர்லாந்தில் மழை இல்லாத நாளும் உண்டா என்று கேட்பீர்கள். அந்த வாரம் வானத்துக்கே பெய்ய மறந்துபோயிருந்தது. புரோனா துடைத்து நிமிர்ந்தாள். பின்னால் ஈரம். ஆற்றுப்பாசி வாடை.

ஊரில் ஒரு வழக்கம். கோட்டை மதிலுக்குள் இருக்கும் இடுகாட்டில் கடைசியாகப் புதைபட்டவர்தான், அடுத்த ஆள் வரும்வரை, அங்கே கிடக்கும் அத்தனை பேர் தாகத்துக்கும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால் சவ ஊர்வலம் ஓட்டப்பந்தயமாகிவிடும். அவள் கணவன் மாலக்கி போன அன்றும் அப்படித்தான். அவனைத் தூக்கியவர்கள் முன்னால்தான் போனார்கள். வழியில் மதுக்கடை. ஒரே ஒரு கோப்பை என்று பெட்டியை வாசலில் இறக்கினார்கள். அந்த ஒரு கோப்பையில் ஆறே வற்றியிருக்கும். அதற்குள் கானன் வீட்டார் தங்கள் கிழவியைப் பெட்டியோடு மதிலுக்கு மேலாகவே வீசி உள்ளே சேர்த்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோதுகூடக் கிழவி அத்தனை வேகமாகப் போனதில்லை என்று ஊர் சிரித்தது. புரோனாவும் சிரித்தாள். சீக்கிரமே வேறு யாராவது சாவார்கள். அதுவரை மாலக்கி கொஞ்சம் உழைக்கட்டுமே.

மாலக்கியைப் புதைத்த வாரமே இடுகாடு நிரம்பிவிட்டதென்று பூட்டிவிட்டார்கள். இனிச் சாகிறவர்களுக்கு மலைமேல் புது இடம்.

குழிவெட்டி ஃபின்டனிடம் போய், மாலக்கி கதி என்ன என்று கேட்டாள். அவன் தேநீரைக் கலக்கியபடியே இருந்தான்.

"ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கு புரோனா. அவன் பக்கத்துல. உனக்குன்னு அவனே வாங்கிப் போட்டது."

"அப்ப நான் போனா அவனுக்கு விடுதலை."

"அவனுக்கு விடுதலைதான். உனக்கப்புறம் அங்க யாரு வருவா?"

அவள் நேரே பாதிரியாரிடம் போனாள். தன்னை மலைமேல்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். ஆயுசு முழுக்க அவன் சட்டையைத் துவைத்தது போதாதா?

குளிர்காலத்து மாலை சட்டென்று இருண்டது. ஆற்றோரப் பாதையில் வாளிப்பிடி கிறீச்சிடும் ஓசை, தண்ணீர் தளும்பிச் சிந்தும் ஓசை, நனைந்த பூட்ஸ் சரளைக்கல்லில் இழுபடும் ஓசை, எப்போதும் வீட்டைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் தேய்ந்து மறையும் அது, அன்று தேயவில்லை.

நின்றது.

வாசலில்.

"புரோனா." மாலக்கியின் குரல்தான். குரலுக்குள் தண்ணீர் கொப்பளித்தது. "கை தேஞ்சுபோச்சு. கொஞ்சம் பிடி."

அவள் திறக்கவில்லை. தாழ் போட்டாள். நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். மூச்சை அடக்கினாள்.

தரையில் ஈரம். கணுக்கால்வரை.

கதவு மூடியேதான் இருந்தது. வாளி உள்ளே இருந்தது. அவள் கையில். விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

சன்னலுக்கு வெளியே மாலக்கி படியில் உட்கார்ந்திருந்தான். எலும்பு தெரியும் கைகளை மடியில் போட்டு, நிம்மதியாக. அவனுக்குப் பின்னால், பாதை நெடுக, கோட்டைவரை, அண்ணாந்த தலைகள்.

மண் அடைத்த வாய்கள். எல்லாம் திறந்தபடி.