பின்னறைத் தளம்

பதித்து முடித்த டைல்களை ரப்பர் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்த இளவழகனுக்கு, பின்னறையின் நடுவில் இருந்த ஒன்று மட்டும் வேறு குரலில் பதில் சொன்னது. மற்றவை ‘டக்’ என்றன. இது ‘டொம்’ என்றது. அடியில் கலவை சரியாகப் பரவாவிட்டால் அப்படித்தான் கேட்கும் என்று, செல்போனில் டைல் பதிக்கக் கற்றுக்கொடுத்த ஆசாமி சொல்லியிருந்தார். “நண்பர்களே, இது ரொம்ப சிம்பிள்” என்று தொடங்கி, சிம்பிளாக இல்லாத எதையும் காட்டாமலே முடித்துவிடுகிறவர் அவர்.

இளவழகன் அந்த டைலைப் பெயர்த்தான். கலவையைச் சுரண்டினான், புதிதாகப் பூசினான், மறுபடி பதித்தான், தட்டினான். டொம்.

திருச்செங்கோட்டைச் சுற்றி முளைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில் அவன் சிவில் துறை உதவிப் பேராசிரியர். கோடையில் அவனுடைய ஆராய்ச்சி, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்று அட்மிஷனுக்குக் கெஞ்சுவது. சிமெண்டைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவான். கையில் தொட்டது இந்த மாதம்தான்.

தொட வைத்தவர் மாமனார் மயில்சாமி. சங்ககிரியில் ரிக் வண்டி வைத்து ஊரெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுப் போர் போடுகிறவர். பிரசவத்துக்குப் போன மகள் ஷாலினியையும் பேத்தியையும் அனுப்புவதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வந்தார். இளவழகனின் பெரியப்பா கருப்பண்ணன் பிள்ளையில்லாமல் செத்து, இவனுக்கு வந்த பழைய வீடு. மயில்சாமி செருப்பைக் கழற்றாமலே சுற்றிப் பார்த்தார்.

“தரையெல்லாம் ஒரே பொக்கை. இந்த ஊட்டுலயா எம் பேத்திய உடறது? வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க மாப்ளெ, கூட்டியாறேன். இல்லாட்டி ஆடி பொறந்துரும், அப்புறம் ஆவணிக்குத்தான் பேச்சு. ஒரு கொத்தனாரை அனுப்பி உடட்டுங்களா? நீங்க சிவிலு படிச்சவுங்க, உங்குளுக்கு செவுரு கட்டத் தெரியாது.”

இதை அவர் சங்ககிரியில் விருந்துச் சாப்பாட்டின்போது இன்னொரு தடவை சொன்னார். பந்தியே சிரித்தது. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த ஷாலினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இளவழகன் டைல் வெட்டும் மெஷின் வாங்கினான்.

புதன்கிழமை காலை, பக்கத்து வீட்டில் தறி ஓட்டும் அத்தாயி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“ஏஞ்சாமி, நேத்து மத்தியானம் பூரா அந்தத் தட்டுத் தட்டுனீங்களே, சோறுகூட உங்காமயா வேலை பாக்கறது?”

“நேத்தா? நேத்து நான் ஜலகண்டாபுரத்துல இருந்தனுங்க. பசங்களைப் புடிக்கப் போயிருந்தேன்.”

“அப்ப உள்ள ஆரு?”

“பூனையா இருக்குமுங்க.”

“பூனைக்குச் சுத்தி எங்க கெடச்சுது?” என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே மெச்சிக்கொண்டு தலையை இறக்கிக்கொண்டாள்.

அவனும் சிரித்தான். உள்ளே போய்ப் பின்னறைக் கதவைத் திறக்கும்வரை சிரித்தான். பூட்டை யாரும் தொட்டிருக்கவில்லை. நடு டைலைச் சுற்றி அவன் நிரப்பியிருந்த வெள்ளைச் சாந்து மட்டும் மாவாக உதிர்ந்து மேலே கிடந்தது.

வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை. அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் ஒரு சத்தமே அல்ல. இரவும் பகலும் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு ரத்தம். காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனதும் தெருவின் தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. காதுக்குள் பஞ்சை வைத்து எடுத்தாற்போல ஒரு அமைதி இறங்கியது. எங்கோ ஒரு குக்கர் விசில் கேட்டது. யாரோ வாசலில் தொண்டையைச் செருமியது கேட்டது. வேப்பங்கொட்டை ஓட்டில் விழுந்து உருள்வதுகூடக் கேட்டது. பின்னறையில் மண்டியிட்டிருந்த இளவழகன் நடு டைலை மூன்று முறை தட்டினான்.

டொம். டொம். டொம்.

சுத்தியலைக் கீழே வைத்தான். அடியிலிருந்து மூன்று வந்தது.

சுத்தியல் சத்தமல்ல. உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். மெத்தென்று, ஈரமாக.

எதிரொலி என்று தனக்குத்தானே பாடம் எடுத்தான். எதிரொலி இவ்வளவு நேரம் யோசித்துவிட்டு வருவதில்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது. இரண்டு தட்டினான். இரண்டு வந்தது. அவன் தட்டவில்லை. ஒன்று வந்தது.

உளியால் டைலைத் தூக்கினான். கலவையை உடைத்தான். அதற்கடியில் பெரியப்பா காலத்துச் சிமெண்டுத் தளம். அதில் ஒரு இடம் மட்டும் வட்டமாக, பின்னால் பூசியதாக, நிறம் மாறியிருந்தது. உளியால் இரண்டு அடி அடித்ததும் அது உடைந்து உள்ளே போயிற்று. ஒரு பலகைக்கல் இருந்தது, அதையும் நகர்த்தினான். மக்கிப்போன சாக்குப்பை நார் நாராக விரலில் ஒட்டியது. கீழே குடத்தின் வாய் அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். அதிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பாறைத் தூளின் வாசம். அதற்குப் பின்னால், பால் திரிந்த புளிப்பு.

டைல்களுக்கு நடுவே இடைவெளிக்காக வைக்கும் கூட்டல்குறி போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று, ஒரு கை ஒடிந்து உதவாமல் போனது, பக்கத்தில் கிடந்தது. அதை உள்ளே போட்டான். விழுந்த சத்தம் வரவே இல்லை.

மாமனாருக்குப் போன் போட்டான். “மாமா, போர் போட்டுத் தண்ணி வரலீன்னா என்னங்க பண்ணுவீங்க?”

“என்ன பண்றது? கேசிங் பைப்பை உருவீட்டு, சாக்கை அமுக்கி, மேல ஒரு கல்லை வெச்சுட்டு அடுத்த எடம் போக வேண்டீதுதான். பைப்பு அடுத்த போருக்கு ஆகுமல்லங்க. ஏன், காலேஜுல இதுக்கும் பாடம் இருக்குதுங்களா?” சிரித்தார். “தரை ஆச்சா மாப்ளெ? ஷாலினி பெட்டியெல்லாம் கட்டீட்டா.”

“ஆச்சுங்க” என்றான் இளவழகன், குழியைப் பார்த்துக்கொண்டே.

தறி ஓடாததால் வேலையற்றிருந்த அத்தாயி அதற்குள் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். குழியைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த வேடிக்கை அணைந்தது.

“இது இங்கதானா இருந்துச்சு...” என்றாள். “அப்ப இந்த ரூமு இல்லீங்க, வெறும் பொறக்கடை. உங்க பெரியப்பன் போர் போட்டாரு, புளுதிதான் வந்துச்சு, குழி மூடாமயே கெடந்துச்சு. எங்க கொட்டாயில தறி ஓட்ட வடக்க இருந்து ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. நடக்கப் பழகுன புள்ளை ஒண்ணு அதுகளுக்கு. ஒரு நா காணோம். நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்னு சொன்னாங்க. அவங்க பேசறது நம்முளுக்குப் புரியாது, நம்ம பேசறது அவங்களுக்குப் புரியாது. ரெண்டு நாள் அழுதுட்டுப் போயிட்டாங்க.”

“அப்புறமுங்க?”

“அப்புறம் என்ன? உங்க பெரியப்பன் அந்த வாரமே தளம் போட்டு ரூமு எடுத்துட்டாரு. நல்ல வேலைக்காரரு.” முந்தானையால் வாயைத் துடைத்தாள். “மூடீருங்க சாமி. பச்சப்புள்ள வர்ற ஊடு.”

அவள் போன பிறகு அவன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தீயணைப்புக்குச் சொல்லலாம். போலீசுக்குச் சொல்லலாம். சொன்னால் ஜேசிபி வரும், டிவிக்காரர்கள் வருவார்கள், வீட்டுக்குச் சீல் வைப்பார்கள். மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்று, நான் அப்பவே சொன்னேன் என்பார். ஆடி பிறந்துவிடும். ஆவணியிலும் ஷாலினியை அனுப்ப மாட்டார்கள். மகள் தவழ்வதை வீடியோவில் பார்க்க வேண்டியதுதான்.

குழிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு வராத பிள்ளைகள் பசிக்குப் போடும் முனகல்.

“ங்ஙே.”

இளவழகன் எழுந்தான். சிமெண்டைத் தண்ணியாகக் கரைத்தான். சீக்கிரம் இறுகும் பவுடரையும் கலந்தான். அரை மணியில் கல்லாகும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. முதல் வாளியை ஊற்றினான். குழி குடித்தது. அடுத்தது. குடித்தது. சிமெண்டு மூட்டை தீரத் தீர ஊற்றினான். நிறையவில்லை.

பிறகு, ரொம்பக் கீழே, எதுவோ இருமியது.

சின்ன இருமல். புரையேறினாற்போல.

அவன் கை நின்றது. ஒரு வாளி மிச்சம் இருந்தது.

அதையும் ஊற்றினான்.

கல்லை இழுத்து மூடினான். அதன்மேல் காங்கிரீட். அதன்மேல் கலவை. அதன்மேல் டைல். தட்டிப் பார்த்தான். டக். இவ்வளவு அழகாக எந்த டைலும் இதுவரை சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வந்தார்கள். மயில்சாமி பின்னறைத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்; குதிகாலால் அங்கங்கே தட்டிப் பார்த்தார்; “பரவாயில்லீங்களே மாப்ளெ!” என்றார். இளவழகன் ஆறு வருடமாகக் காத்திருந்த வாக்கியம். கேட்டதும் வாயில் புளித்தது. திரிந்த பால் போல. சாப்பிட்டுவிட்டு அவர் கிளம்பிப் போனார். குளுகுளுவென்று இருக்கிறதே என்று குழந்தையைப் பின்னறையில் பாய் விரித்துப் போட்டுவிட்டு, ஷாலினி பாத்திரம் கழுவப் போனாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இளவழகன் குழந்தையின் துணியை அலச இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போனான்.

கரண்ட் போனது.

தறிகள் நின்றன.

உள்ளே குழந்தை சிரித்தது. ‘தப், தப்’ என்று தரையைத் தட்டியது. குப்புற விழுந்துவிட்டாள் போலிருக்கிறது, முதல் தடவையாக. சிரிப்பு. மறுபடி தப், தப். ஒன்றுக்கு ஒன்று பதிலாக.

“ஏனுங்க,” என்று அடுக்களையிலிருந்து ஷாலினி சந்தோஷமாகக் கூப்பிட்டாள், “நீங்க தட்டறதுக்கு அவ எப்பிடிச் சிரிக்கறா பாருங்க!”

அவன் இரண்டு கையிலும் வாளி இருந்தது.

வாளிகள் விழுந்தன. ஓடினான். வாசற்படி. ஈரக்கால். அறை.

பாய் காலியாக இருந்தது. குழந்தை உருண்டு நடு டைலில் கிடந்தது, குப்புற, கன்னம் தரையில் ஒட்ட. இடது கையில் எதையோ இறுக்கி வைத்திருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. கூட்டல்குறி. ஒரு கை ஒடிந்தது. மேலெல்லாம் ஈரச் சிமெண்டு.

புளிப்பு வாசம்.

டைலின் மூலை உடைந்திருந்தது. அந்த முக்கோண ஓட்டைக்குள் குழந்தையின் வலது கை மணிக்கட்டுவரை போயிருந்தது. அவன் பிடித்து இழுத்தான். வரவில்லை. குழந்தை அவனைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. மண்டியிட்டான். குனிந்து ஓட்டைக்குள் பார்த்தான்.

நான்கு விரல்கள். மகளுடையதைவிடக் கொஞ்சம் பெரியவை. சாம்பல் நிறம். நகக்கண்ணெல்லாம் அவன் ஊற்றிய குழம்பு. அவளுடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருந்தன, துணை கிடைத்த பிள்ளை பிடிப்பதுபோல.

அவன் அந்த விரல்களைத் தொட்டான். குழைவாக இருந்தன. இன்னொரு தடவை தொட்டபோது கொஞ்சம் கெட்டியாக இருந்தன.

இறுகிக்கொண்டிருந்தன.