கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள்

"சத்தியமா நான் கெடுக்கல, சார். சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லலைன்னா மேலாளர் என் சீட்டைக் கிழிச்சிடுவாரு" என்று துப்பறிவாளரிடம் வந்து நின்றாள் இரத்த வங்கியின் புரோகிராமர்.

காலையிலிருந்து அங்கே சர்வர் எழவில்லை. இரத்தம் கொடுப்பவர்களின் விவரக் கோப்பைப் படிக்கப் போய், முதல் இடத்திலேயே சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய முறையில் பிழை, என்று சொல்லிப் படுத்துவிடுகிறது.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். கூடவே திரியும் அவர் மைத்துனனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். இரத்த வங்கிக்குள் நுழைந்ததுமே கோப்பைத் திறந்துவிட்டான்.

"அடைப்புக்குறி, காற்புள்ளி, மேற்கோள் குறி எல்லாம் சரி. கோப்பு சுத்தம், மாமா! தப்பு இவங்க எழுதின புரோகிராம்லதான்."

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. பாவம், உதவிக்கு அழைத்தவனே இப்படிச் சொன்னால்?

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றார் மேலாளர். "நேத்து சாயங்காலம் ஒருத்தரோட போன் நம்பருக்காகக் கோப்பைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். ஒரு எழுத்தைக்கூட மாத்தல."

"நேத்து வேலையில யாரெல்லாம் இருந்தாங்க?" என்றார் நிதானம்.

மேலாளர் தன் பழைய கணினியில் பணி அட்டவணையைத் திறந்து காட்டினார். காட்டி முடித்ததும் சேவ் செய்துவிட்டு மூடினார்.

"சும்மா பார்த்ததுக்கு எதுக்கு சார் சேவ்?" என்றார் நிதானம்.

"ஒரு தடவை கரண்ட் போய் முழு அறிக்கையும் போச்சு. அதிலேர்ந்து சேவ் பண்ணாம மூடினா மனசு கேக்காது."

நிதானம், நேற்று மதியம் எடுத்த நகலைக் கேட்டு வாங்கி இன்றைய கோப்போடு ஒப்பிட்டார். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. அளவு மட்டும் மூன்று பைட் கூடியிருந்தது.

"எழுத்து ஒண்ணு, எடை வேறயா? பேய் பிசாசு வேலையா, மாமா?"

"உள்ளே பார்க்கலாம், மாப்ளே." கோப்பை எழுத்தாக அல்லாமல் வெறும் எண்களாகத் திறந்தார். முதல் அடைப்புக்குறிக்கு முன்னால், இதுவரை யார் கண்ணிலும் படாத மூன்று எண்கள் நின்றன.

"அம்மாடி!" என்றாள் அந்தப் பெண்.

"நேத்தும் சார் சேவ் பண்ணித்தான் மூடியிருப்பார். அவர் கணினியில கோப்பைத் திறக்கிற பழைய எடிட்டர், சேவ் பண்ணும்போது இது எந்த வகைக் கோப்புன்னு ஒரு அடையாளத்தைத் தலையில வச்சிடும். திரையில காட்டாது. சர்வரோ முதல்ல அடைப்புக்குறியை எதிர்பார்க்குது. அதனாலதான் முதல் இடத்திலேயே பிழைன்னுச்சு. சர்வரும் பொய் சொல்லல, சாரும் பொய் சொல்லல, இந்தப் பொண்ணும் சொல்லல."

மூன்றையும் நீக்கினார். சர்வர் எழுந்தது. "இத்தனை பெரிய வேலையை இத்தனை சின்ன ஒண்ணா நிறுத்தி வச்சது!" என்றான் அவசரம்.

"இனிமே நான் சேவ் பண்ணாலும் சர்வர் விழாம இருக்க வழி உண்டா?" என்று மேலாளர் அவளிடமே கேட்டார்.

"உண்டு சார். சர்வர் படிக்கும்போதே அந்த அடையாளத்தைக் கழிச்சிடலாம். ஒரு வரி போதும்."

"அப்ப உக்காந்து எழுதும்மா" என்றார் மேலாளர். "நாளைக்கு வந்து வேற என்னெல்லாம் நான் கெடுத்து வச்சிருக்கேன்னும் பாரு."