பேட்டன்ட்டில் எனக்கும் பங்கு

பட்டறைக் கதவை உடைத்துத் திறந்தார்கள்.

கேஸ் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

மேஜை மேல் ஒரு வால்வு. கேஸ் கசிந்தால் தானாக மூடிக்கொள்ள வேண்டிய வால்வு. ஆபத்தில்லை என்று அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேஜைக்கு அடியில், அதைக் கண்டுபிடித்தவன் செத்துக் கிடந்தான்...

தன் வினை தன்னைச் சுட்டது என்று ஊர் சிரித்தது. அவன் மனைவி அழவில்லை. அழுகை எங்கோ தொலைந்துபோயிருந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். "கிளம்புங்க அண்ணி" என்றான் கொழுந்தன். கிளம்பினாள்.

பேட்டன்ட் ஏஜென்டின் அறை. மூலையில் குறிப்பெடுக்க ஒருவர்.

"இதை வெளியில யாருக்காவது காட்டினீங்களா?" ஏஜென்ட் அம்மாள் கேட்டாள்.

"இல்ல மேடம்" என்றான் கொழுந்தன்.

"நல்லது. ஊருக்கெல்லாம் காட்டிட்டு வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. முதல்ல விண்ணப்பம், அப்புறம்தான் விளம்பரம். தேடிப் பாத்துட்டேன், இதே மாதிரி எங்கேயும் இல்ல. இனி எப்படி வேலை செய்யுதுன்னு படத்தோட ஒண்ணு விடாம எழுதணும். இறந்துட்டாலும் கண்டுபிடிச்சவர் அவர்தான். உரிமை இவங்களுக்கு வரும்."

இறந்தவன் மனைவிக்கு வேண்டியது ஒன்றுதான். வால்வு ஒழுங்கானது, செய்தவர் தன் கணவர் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

கொழுந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"என் பேரும் சேரணும் மேடம். நாங்க ரெண்டு பேருமா கண்டுபிடிச்சது."

"ஸ்பேனர் பிடிச்சவங்க, காசு குடுத்தவங்க எல்லாம் கண்டுபிடிச்சவங்க ஆக மாட்டாங்க. பொய்யா பேர் சேத்தா, நாளைக்கு எவனாவது பேட்டன்ட்டையே உடைச்சிடுவான். உங்க மூளையில உதிச்சது எது?"

கொழுந்தன் உதட்டைக் கடித்தான்.

"ஸ்பிரிங்... அது என் யோசனை."

"அதை எப்படி நம்பறது?"

"அண்ணனுக்கே தெரியாதது எனக்குத் தெரியும். அந்த ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டினா கேஸ் நிக்காது. ஆனா பச்சை விளக்கு மட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும். நானே மாட்டிப் பாத்திருக்கேன்."

மூலையில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"எந்த வால்வுல தம்பி?"

அண்ணிதான் கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"என்ன அண்ணி?"

"அவர் செஞ்சது ஒரே ஒரு வால்வு. அவர் சாகறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதுல முதல் தடவையா ஸ்பிரிங்கை மாட்டினது நான். சரியாத்தான் மாட்டினேன். உங்க அண்ணன் செத்தப்போ அது திரும்பியிருந்துச்சு. அதை போலீஸ்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

கொழுந்தன் எழுந்தான்.

மூலையில் இருந்தவரும் எழுந்தார். பேனாவை மூடிவிட்டு அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர்!

அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். கோபம் இல்லை. நிம்மதியும் இல்லை. மரத்துப்போன கைக்குள், கையெழுத்துப் போட ஏஜென்ட் கொடுத்த பேனா மட்டும் இருந்தது.

"கண்டுபிடிச்சவர்னு அவர் பேரை மட்டும் எழுதுங்க மேடம்" என்றாள்.

"சார்... ஸ்பிரிங்கைத் திருப்பினா என்ன ஆகும்னு கண்டுபிடிச்சேன், அவ்வளவுதான்..." கொழுந்தன் உளறினான்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை போட்டார்.

"அதுக்கெல்லாம் பேட்டன்ட் கிடைக்காது தம்பி. அண்ணனைத் தம்பி கொல்றது ரொம்பப் பழைய டெக்னிக்."